ஊர் நூலகர் மருத்துவ ஆய்வைத் தேடக் கற்பது ஏன் அவசியம்? நெய்யாற்றின்கரை, பாறசாலை சொல்லும் பாடம்

2024 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கேரளத்தின் நெய்யாற்றின்கரை அருகே கண்ணறவிளையில் சில இளைஞர்களுக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்தது. ஒருவர் இறந்தார். ஊர்க் குளத்தின் மீது சந்தேகம் எழுந்தது.

அந்த ஊரில் உங்க சொந்தக்காரங்க இருந்திருந்தா என்ன செய்திருப்பீங்க? மொபைலில் ‘மூளையைத் தின்னும் அமீபா’ன்னு தேடியிருப்பீங்க. பயமுறுத்தும் வீடியோக்கள்தான் வரிசையாக வந்திருக்கும்.

நம்பகமான தகவல் எங்கே இருக்கு?

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் ‘பப்மெட்’ தளத்தில் 3.5 கோடிக்கும் மேற்பட்ட ஆய்வுக் குறிப்புகள் உள்ளன. தேடக் கட்டணம் இல்லை. ஆனால் தமிழிலோ மலையாளத்திலோ தேடினால் பயனில்லை. ‘நைகிளேரியா ஃபவுலேரி’ என்ற பெயரை ஆங்கிலத்தில் கொடுத்தால், இந்த அமீபா மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது, அதே தண்ணீரைக் குடிப்பதால் நோய் வராது என்பது தெரியவரும். இப்படிச் சரியான சொல்லைக் கண்டுபிடிப்பதுதான் நூலகர் கற்கவேண்டிய முதல் வேலை.

உலகில் இதற்குப் பயிற்சி உண்டா?

உண்டு. உலக சுகாதார நிறுவனம் பதிப்பகங்களுடன் சேர்ந்து 2002-ல் ‘ஹினாரி’ திட்டத்தைத் தொடங்கியது. ஏழை நாடுகளின் நிறுவனங்களுக்கு மருத்துவ இதழ்கள் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கின்றன. இதழ்களைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது என்பதால், அவற்றைப் பயன்படுத்த அங்குள்ள நூலகர்களுக்குப் பயிற்சியும் தரப்படுகிறது.

இந்தியாவுக்கு?

ஹினாரி பட்டியலில் இந்தியா இல்லை. நமக்கு இருப்பது ‘ஒரே நாடு ஒரே சந்தா’. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். ஆனால் இது அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத்தான். ஊர் நூலகம் இதில் வராது.

அப்போ எல்லையோர ஊர்களுக்கு என்ன வழி?

ஆள் இருக்கிறார், இடமும் இருக்கிறது. 1945-ல் பி.என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கத்தால் கேரள கிராமங்களில் நூலகம் புதிதல்ல. 1956-ல் மாநில எல்லை பிரிந்த பிறகும் களியக்காவிளைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன. பாறசாலையில் அந்த நூலகர் ஆங்கில ஆய்வை இரு மொழிகளிலும் எளிதாகச் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பயிற்சியில் இவை போதும்:

• ஊர்ப் பேச்சில் உள்ள நோய்ப் பெயருக்கு மருத்துவச் சொல் தேடுவது.
• முழுக் கட்டுரையும் இலவசமாகக் கிடைக்கும் ‘பப்மெட் சென்ட்ரல்’ தளத்தைப் பயன்படுத்துவது.
• ஒரே நோயாளியைப் பற்றிய குறிப்பையும், பல ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரையையும் பிரித்தறிவது.
• வெளியான ஆண்டைப் பார்ப்பது.
• சிகிச்சை சொல்லாமல், தாளைக் கையில் கொடுத்து டாக்டரிடம் அனுப்புவது.

நீங்க என்ன செய்யலாம்?

ஆபீஸில் தினமும் தேடுபொறியோடு மல்லுக்கட்டுபவர் நீங்கள். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது நூலகருடன் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அந்த ஊரில் அதிகம் வரும் ஒரு நோயை எடுத்து, இருவரும் சேர்ந்து தேடிப் பாருங்கள்.