தக்காளியின் உயிரியல் கடிகாரம்

தக்காளிச் செடியின் இலையசைவு, ஒளிச்சேர்க்கை முதலியவற்றை வேளைப்படி நடத்தும் மரபணு அமைப்பு. பயிரிடப்படும் தக்காளியில் இது காட்டினத்தில் இருப்பதைவிட மெதுவாக ஓடுகிறது. மனிதர் அச்செடியைப் பயிராக்கிய காலத்தில் நேர்ந்த மாற்றம் இது.

இலைகள் இரவில் கூம்புவதைப் பழங்காலத்தில் குறித்துவைத்தவர், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் கடற்படையில் இருந்த ஆந்த்ரோஸ்தேனஸ். டைலோஸ் தீவில் (இன்றைய பஹ்ரைன்) அவர் கண்டது புளியமரம். புளிய இலை அந்தியில் மூடிக்கொள்வது நம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஏன் மூடுகிறது என்று சோதித்துப் பார்க்கத்தான் இரண்டாயிரம் ஆண்டுகள் பிடித்தன. 1729இல் பிரெஞ்சு வானியலாளர் தெ மேரான் தொட்டாற்சிணுங்கியை இருட்டில் வைத்தார். வெயில் படாமலும் இலைகள் வேளை தவறாமல் விரிந்து மூடின. இடைவிடாத ஒளியில் அச்செடியின் சுற்று 22-23 மணி நேரமாகக் குறைவதை 1832இல் தாவரவியலாளர் கந்தோல் கண்டார். வெளியிலிருந்து ஏதோ ஒன்று இலையை ஆட்டுவிப்பதாயின் சுற்று 24 மணி நேரமாகவே இருந்திருக்கும். ஆகவே கடிகாரம் செடிக்குள்தான் இருக்கிறது.

தக்காளியின் மூதாதை ஈக்வடாரிலும் வட பெருவிலும் விளையும் சொலானம் பிம்பினெல்லிஃபோலியம். பழம் சுண்டைக்காய் அளவே இருக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய அந்த மண்ணில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். அங்கிருந்து மெக்சிகோவுக்கும், 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் தக்காளி சென்றது. இத்தாலிய மருத்துவர் மத்தியோலி 1544இல் அதைப் பற்றி எழுதினார். வடக்கே போகப்போகக் கோடைப் பகல் நீளும். ஜெர்மனியின் கொலோனில் அது 16 மணி நேரத்தையும் தாண்டும்.

அதே கொலோனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் பயிரின ஆய்வு நிறுவனத்தினர் நாற்றுகளின் இலையசைவை அளந்து, பயிர்த்தக்காளியின் கடிகாரம் தளர்ந்திருப்பதை 2016இல் வெளியிட்டனர். கடிகாரம் பிந்தி அடிப்பது வேறு, மெதுவாக ஓடுவது வேறு. தக்காளியில் இரண்டும் நேர்ந்துள்ளன. பிந்துவதற்குக் காரணம் ஈஐடி1 மரபணுவில் வந்த மாறுபாடு. மெதுவாக ஓடுவதற்குக் காரணம் எல்என்கே2 மரபணுவின் ஒரு பகுதி அறுந்துபோனது. பின்னது 2018இல் தெரியவந்தது. இரண்டு மரபணுக்களுமே கடிகாரத்துக்கு ஒளிச்செய்தி கொண்டுசேர்க்கும் வழியில் இருப்பவை. பைட்டோகுரோம் பி1 என்னும் ஒளியுணரி இல்லாவிட்டால் இந்தத் தளர்ச்சி தோன்றுவதில்லை. உழவர் கடிகாரத்தின் பல்சக்கரங்களைத் தொடவில்லை. ஒளி நுழையும் சாளரத்தைத்தான் மாற்றினர். அதுவும் அறியாமலேயே, நன்றாகக் காய்த்த செடியின் விதையை எடுத்துவைத்ததன் வழியாக. பயிர்த்தக்காளியின் ஈஐடி1 வடிவம் நீண்ட பகலில் மட்டுமே செடிக்கு வளம் கூட்டுவதால், நெடும்பகல் நாடுகளுக்கு இசைவாகவே இத்தேர்வு நிகழ்ந்தது என்பது பொருந்துகிறது.

பார்லியில் பிபிடி-எச்1, சோளத்தில் பிஆர்ஆர்37, சோயாவில் ஈஎல்எஃப்3 எனக் கடிகாரம் சார்ந்த மரபணு மாறுபாடுகள் பிற பயிர்களிலும் அறியப்பட்டுள்ளன. அவை பெரும்பாலும் பூக்கும் பருவத்தை மாற்றுபவை.