அம்மைப்பாலும் புயத்துப் புண்ணும்

நோயொன்றைத் தடுத்தற்பொருட்டு அதனினும் சிறியதொரு நோயை உடலில் வலிந்து வருவித்துக் கொள்ளுதல் மருத்துவ வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. இக்காலத்தில் தடுப்பூசி ஏற்றிக்கொண்டோர் இரண்டொரு நாட்களுக்குப் புயம் நோகின்றது என்று முறையிடுவர். அந்நோவு இல்லாதிருப்பின் எவரும் அதைத் தேடிச் செல்லார். ஆயினும், தடுப்பு மருந்துகளுள் முதலாவதாகிய அம்மைப்பாலின் வரலாற்றிலே புயத்துப் புண்ணுக்கு இருந்த இடம் வேறு. மருந்து விளைந்த வயலும், அது சேமித்து வைக்கப்பட்ட களஞ்சியமும், அது பலித்தமைக்குரிய சான்றும் அப்புண்ணே. நூறாண்டுக் காலம் ஒருவர் புயம் நொந்தாலன்றி மற்றொருவர் உயிர் பிழைத்தல் அரிதாயிருந்தது.

1796-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆந் திகதி, இங்கிலாந்தின் பேர்க்லி என்னும் ஊரில், மருத்துவர் எட்வேட் ஜென்னர், பால்கறக்கும் பெண்ணொருத்தியின் கையிற் கண்டிருந்த பசுவம்மைக் கொப்புளத்தின் நீரை எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனின் புயத்திற் கீறி ஏற்றினார். ஏழாம் நாள் சிறுவன் கக்கம் நோகின்றது என்றான். ஒன்பதாம் நாள் சிறிது குளிரும் தலையிடியும் கண்டன. உணவிலும் விருப்பம் குன்றியது. அடுத்த நாள் அவன் நலமடைந்தான். ஜூலை மாதத்தில் மெய்யான வைசூரிச் சீழை அவனுடலில் ஏற்றியபோது நோய் பற்றவில்லை. உலகைப் பிடித்து உலுக்கிய கொடுநோயொன்றின் வீழ்ச்சி ஒரு சிறுவனின் கக்க நோவோடு தொடங்கிற்று எனலாம். ஜென்னர் தம் ஆராய்ச்சியை 1798-இல் நூலாக வெளியிட்டார்.

அம்மை குத்திய புயம் நடந்துகொள்ளும் முறை ஏறத்தாழ எல்லோர்க்கும் ஒன்றே. மூன்று நான்கு நாட்களிற் சிறு பரு எழும். பின் அது நீர்கோத்துக் கொப்புளமாகும். எட்டாம் நாளளவில் கொப்புளம் முற்றிச் சுற்றிலும் சிவந்து தடிக்கும். கக்கத்தில் நெறி கட்டும். குழந்தையாயின் இரவில் உறங்காது அழும். அதன்பின் பொருக்குக் கட்டி, மூன்று வாரமளவில் அது உதிர, வாழ்நாள் முழுதும் மாறாத தழும்பு எஞ்சும். நோவு உச்சத்தை அடையும் அந்த எட்டாம் நாளே கொப்புளத்து நீர் மருந்தாகப் பயன்படுதற்கு ஏற்ற நாள் என்பது கருதத்தக்கது. நூலில் தோய்த்தும் கண்ணாடித் துண்டுகளிடையே உலர்த்தியும் அந்நீரைத் தூரநாடுகளுக்கு அனுப்பிப் பார்த்தனர். வெப்பநாடுகளில் அது பெரும்பாலும் வலுவிழந்தது. ஆதலின், வாரந்தோறும் ஒருவர் புயத்திலிருந்து மற்றொருவர் புயத்துக்கு மாற்றி மருந்தை உயிரோடு வைத்திருத்தல் இன்றியமையாததாயிற்று.

இவ்வாறு புயம் புயமாகவே அம்மைப்பால் கீழைநாடுகளை அடைந்தது. வியன்னா நகரத்து மருத்துவர் டி காரோ அனுப்பிய பால் கொன்ஸ்தாந்திநோப்பிள் சென்று, பக்தாத், பஸ்ரா வழியாகக் கப்பலேறிப் பம்பாய்க்கு வந்தது. 1802-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆந் திகதி அங்கு மூன்று வயதுக் குழந்தையாகிய அன்னா டஸ்தால் என்பவளுக்கு அது குத்தப்பட்டது. பலருக்குக் குத்தியும் அக்குழந்தையின் புயமொன்றே நன்கு பழுத்தது. அவள் புயத்திலிருந்து வேறு ஐந்து குழந்தைகளுக்கும், அவர்களிடமிருந்து பிற இடங்களுக்கும் பால் சென்றது. இலங்கையும் அவ்வாண்டிலேயே அதனைப் பெற்றது. மறு ஆண்டு ஸ்பானிய அரசு பல்மிஸ் என்னும் மருத்துவர் தலைமையில் அமெரிக்க நாடுகளுக்கு அம்மைப்பால் அனுப்பியபோது, அநாதைச் சிறுவர் இருபத்திருவரைக் கப்பலில் ஏற்றி, முறையே இருவர் இருவராகக் குத்திக்கொண்டே கடல் கடந்தனர். வரலாற்று நூல்கள் தேசாதிபதிகளையும் மருத்துவர்களையும் போற்றுமளவுக்கு இக்குழந்தைகளை நினைப்பதில்லை.

இலங்கையில் அக்காலத்து வைசூரி விளைத்த கேடு பெரிது. நோய் புகுந்த கிராமத்தை விட்டு, நோயாளரைத் தனியே கிடக்கவிட்டுச் சனங்கள் ஓடினர். அம்மாள் வருத்தம் என்று அதற்கு அஞ்சியடங்கி நோன்பிருத்தலும், வேப்பிலை கட்டி நேர்த்தி வைத்தலுமே தமிழ்மக்கள் அறிந்த வழிகள். 1800-இல் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய இடங்களில் வைசூரி மருத்துவமனைகளை நிறுவி, மெய்யான வைசூரிச் சீழையே குத்தும் பழைய முறையைத் தொடக்கினார். ஆபத்து மிக்க அம்முறைக்குப் பதிலாகவே அம்மைப்பால் வந்தது. மருத்துவத் தலைவராயிருந்த தோமஸ் கிறிஸ்ரி 1811-இல் வெளியிட்ட நூலொன்றில் இவ்வரலாற்றை விரித்துரைத்துள்ளார். 1802 முதல் 1810-இன் தொடக்கம் வரை இத்தீவில் அம்மைப்பால் பெற்றோர் தொகை 128,000-க்கு மேற்பட்டது. குழாயும் குளிர்பெட்டியும் இல்லாத காலத்தில் அத்தொகையினர் பெற்ற பாலெல்லாம் இன்னொருவர் நொந்த புயம் தந்ததே.

தாய்மார் இதை எளிதாக ஏற்றிருப்பர் என்று எண்ணுதல் தவறு. தன் குழந்தை காய்ச்சலில் முனகும் எட்டாம் நாளிலே, அதன் கொப்புளத்தைக் குத்தித் திறந்து அயலார் பிள்ளைக்கு நீரெடுப்பதை எந்தத் தாய் விரும்புவாள்? இங்கிலாந்தில் 1853-ஆம் ஆண்டுச் சட்டம் அம்மைப்பாலைக் கட்டாயமாக்கி, எட்டாம் நாள் குழந்தையை மீண்டும் கொணர்ந்து காட்டவேண்டும் என விதித்தது. 1871-ஆம் ஆண்டுச் சட்டமோ கொப்புள நீரை எடுக்கவிடாது தடுக்கும் பெற்றோருக்குத் தண்டமும் ஏற்படுத்திற்று. ஏழைகளின் குழந்தைகளே பொது நிலையங்களுக்குச் சென்றனர்; ஆதலின் இத்தண்டத்தின் சுமையும் அவர்கள் மேலேயே வீழ்ந்தது. புயத்திலிருந்து புயத்துக்கு மாற்றுகையில் வேறு நோய்களும் கூடவே செல்லக்கூடும் என்னும் அச்சமும் வீணன்று. 1861-இல் இத்தாலியின் ரிவால்ற்றா என்னும் ஊரில் குழந்தைகள் பலர் இவ்வழியால் மேகநோய்க்கு ஆளாயினர். 1885-இல் லெஸ்ரர் நகரில் பெருங்கூட்டம் திரண்டு ஜென்னரின் உருவப்பொம்மையைத் தூக்கிலிட்டது. அக்கூட்டத்தை அறியாமையின் கூத்து என ஒதுக்குவோர் அந்தப் புண்பட்ட புயங்களை அருகிற் கண்டிலர் போலும். 1898-ஆம் ஆண்டுச் சட்டம் மனச்சான்றின்படி மறுப்போருக்கு விலக்கு அளித்தது. அதனோடு புயத்திலிருந்து எடுக்கும் முறையும் கைவிடப்பட்டு, கன்றுகளின் உடலில் விளைவித்துக் கிளிசரின் கலந்த பால் வழங்கப்படலாயிற்று. களஞ்சியமாக இருந்த கடமையினின்று குழந்தையின் கை விடுபட்டது.

சான்றாக இருந்த கடமை மட்டும் நீடித்தது. கொப்புளம் எழாத புயம் பாதுகாப்பற்ற புயமென மீண்டும் குத்தப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஊழியர் கவடுபட்ட ஊசியால் பதினைந்து முறை விரைந்து குத்தியபோதும், ஊரூராகச் சென்று புயத்துத் தழும்புகளை எண்ணியே தம் வேலையின் அளவை அறிந்தனர்.

இன்றைய ஊசிகளின் நோவு வேறுவகையது. பெரும்பாலானவை தோளின் தசைக்குள் ஏற்றப்படுகின்றன. 1926-இல் கிளெனி என்பார் கண்டறிந்த முறைப்படி, சில மருந்துகளில் நோயெதிர்ப்பைத் தூண்டுதற்கு அலுமினிய உப்புச் சேர்க்கப்படுகின்றது. அவ்விடத்து உண்டாகும் அழற்சியே நோவு; இரண்டு மூன்று நாட்களில் அது பொதுவாகத் தணியும். அதன் மிகுதி காப்பின் மிகுதியைக் காட்டாது. நோவறியாதோருக்கும் காப்பு உண்டு. வாரக்கணக்கில் நீடித்துக் கையை உயர்த்தவொட்டாது செய்யும் நோவு அரிதாக ஏற்படுவதுண்டு. ஊசி மிக மேலே குத்தப்பட்டுத் தோள்மூட்டை அண்டிய பகுதியைத் தாக்குதல் அதற்குக் காரணமாகின்றது. அமெரிக்க அரசு 2017-இல் இதனை நட்டஈட்டுக்குரிய தீங்குகளின் அட்டவணையிற் சேர்த்தது. நீடித்த நோவை வீண் முறைப்பாடு எனத் தள்ளும் வழக்கம் அதனால் ஓரளவு தளர்ந்தது. காசநோய்க்காகப் பச்சிளங் குழந்தையின் புயத்தில் இடப்படும் பி.சி.ஜி. ஊசி மட்டும் பழைய அம்மைப்பாலைப் போலச் சில வாரங்கள் சென்றபின் புண்ணாகித் தழும்பாகின்றது.

ஊசி நோகும் என்னும் அச்சமே வைசூரியின் இறுதி ஏட்டிலும் இடம்பெற்றது. சோமாலியா நாட்டு மேர்க்கா நகரின் மருத்துவமனையிலே அலி மாவ் மாலின் என்னும் இருபத்துமூன்று வயது இளைஞர் சமையல் வேலை பார்த்துவந்தார். அங்குள்ள ஊழியர் யாவரும் அம்மைப்பால் பெறவேண்டியிருந்தது. குத்தினால் நோகும் என அஞ்சிய அவர், முன்னரே குத்திக்கொண்டவர் போலப் புயத்தைக் கையாற் பொத்திக்கொண்டு தப்பினார். 1977 ஒக்ரோபரில் நோயுற்ற குழந்தைகளை ஏற்றிவந்த வண்டிக்கு வழிகாட்டச் சில நிமிடங்கள் அதில் அமர்ந்து சென்றார். அவரையும் வைசூரி பற்றியது. இயற்கையாகப் பரவிய வைசூரியின் கடைசி நோயாளர் அவரே. அவர் பிழைத்தெழுந்தார், 1980 மே மாதத்தில் உலகினின்று அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பிற்காலத்தில் மாலின் இளம்பிள்ளைவாதத் தடுப்புப் பணியிற் சேர்ந்து, பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கத் தயங்கிய பெற்றோரிடம் தம் கதையைச் சொல்லிவந்தார். 2013 ஜூலை மாதத்தில் அப்பணியில் ஈடுபட்டிருந்தபோதே மலேரியாக் காய்ச்சல் கண்டு இறந்தார்.