முக்கோணக் குறி தாங்கிய நம் சதுப்பு நில மீன்

வீட்டு வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி வைத்திருப்போர் ஹார்லிக்குவின் ரஸ்போராவை நன்கு அறிவர். ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளம், செம்பு கலந்த ஆரஞ்சு நிறம், உடலின் பின்பாதியில் மை தீட்டியது போன்ற கருப்பு முக்கோணம். இதனை வெளிநாட்டு மீன் என்றே பலரும் எண்ணுகின்றனர். பெயர்தான் அயல்நாட்டுப் பெயர். மீனோ தீபகற்ப மலேசியா, சிங்கப்பூர், சுமத்ரா, தென் தாய்லாந்து ஆகிய நம் வட்டாரத்திற்கு உரியது.

இவ்வினத்து மீன்களை மலாய்க்காரர்கள் 'செலுவாங்' என்று அழைத்து வந்தனர். 1904ஆம் ஆண்டில் ஜெர்மானிய விலங்கியலாளர் ஜார்ஜ் டங்கர், இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பின்னர் ஐரோப்பியத் தொட்டிகளுக்குப் பயணமான இம்மீன் உலகப் புகழ் பெற்றது. 1999இல் முக்கோணக் குறியையே அடிப்படையாக வைத்து, 'டிரிகோனோஸ்டிக்மா' என்ற புதிய பேரினப் பெயரும் வழங்கப்பட்டது.

புகழ் பெற்ற மீனின் பிறந்தகம் எது தெரியுமா? தே-ஓ நிறத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும் சதுப்பு நிலக்காடு! உதிர்ந்த இலைகள் ஊறுவதால் அந்நீர் கருத்து, சற்றுப் புளிப்புத் தன்மை பெறுகிறது. அத்தகைய மென்னீரில்தான், அகன்ற இலைகளின் அடிப்புறத்தில் இம்மீன் முட்டையிடுகிறது. சிங்கப்பூரில் எஞ்சியிருக்கும் நீ சூன் நன்னீர்ச் சதுப்புக் காட்டில் இது இன்னும் வாழ்கிறது.

கருத்த நீரைக் கண்டதும், "பயனற்ற நிலம், வடித்து விடலாம்" என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் தஞ்சோங் காராங் நெல் வயல்களுக்கு நீர் தருவதில் வட சிலாங்கூர் சதுப்புக் காட்டுக்குப் பெரும் பங்குண்டு. வடிக்கப்பட்ட கரிமண் காய்ந்து தீப்பற்றினால் என்னாகும் என்பதைப் புகைமூட்டத்தில் இருமிய நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

2021இல் கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்தின் 536 ஹெக்டருக்கும் அதிகமான பகுதி காப்பகத் தகுதியை இழந்தது. ஓராங் அஸ்லி மக்களும் பொதுமக்களும் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். அவ்வாண்டு செப்டம்பரில் சிலாங்கூர் அரசு அம்முடிவைக் கைவிட்டது. மக்கள் பேசினால் காடு பிழைக்கும் என்பதற்கு இது சான்று.

தொட்டி மீனைப் பண்ணையில் பெருக்கிவிடலாம். பல்லாயிரம் ஆண்டுகளாக உருவான சதுப்புக் காட்டை எந்தப் பண்ணையில் வளர்ப்பது? பிள்ளைகளுக்கு மீன் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், அதன் ஊரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். நம்முடையது என்று அறிந்ததைத்தானே நாம் காப்போம்?