உறையாத நீர்

இங்கிலாந்தின் டார்பி நகரத்திலிருந்து டெர்வென்ட் நதியின் கரையோடு வடக்கே ஏறிச் சென்றால், சுண்ணாம்புப் பாறைகள் இருமருங்கும் நெருங்கி வர, பள்ளத்தாக்கு குறுகிக்கொண்டே போய்க் குரோம்ஃபோர்டு என்னும் கிராமத்தில் நம்மைக் கொண்டு நிறுத்தும். ஈயச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த சிற்றூர் அது. அந்நாளில் நல்ல பாதையும் கிடையாது, பெரிய சந்தையும் பக்கத்தில் இல்லை. 1771ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஆர்க்ரைட் தம் நூற்பாலைக்கு இவ்வூரைத் தேர்ந்ததன் காரணத்தை, சுரங்கக்காரர்கள் வேண்டாமென்று கழித்துவிட்ட நீரில்தான் தேட வேண்டும்.

ஆழத்தில் ஊறிய நீர் சுரங்கங்களை நிரப்பி வேலையைக் கெடுத்தமையால், 17ஆம் நூற்றாண்டிலேயே மலைக்குள் வெகுதூரம் குடைந்து, அந்நீர் தானே வடிந்து வெளியேறும்படி வாய்க்கால் அமைத்திருந்தார்கள். அவ்வகை வடிகாலுக்கு அப்பிரதேசத்தில் 'சஃப்' என்று பெயர். பூமியின் கர்ப்பத்திலிருந்து வருவதாகையால் அந்நீரில் சிறிது வெதுவெதுப்பு உண்டு. குளிர்காலத்தில் ஓடைகள் உறைந்து சக்கரங்கள் நின்றுபோகும் அத்தேசத்தில், உறையாத நீரொன்று இரவும் பகலும் சும்மா ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கண்டு ஆசைப்படாத முதலாளி உண்டா? அதனோடு பான்சால் ஓடையின் நீரும் கூடி ஆலைச் சக்கரத்தைச் சுழற்றியது.

ஆர்க்ரைட் ஆதியில் சவரத் தொழிலும் பொய்ம்மயிர் வியாபாரமும் செய்தவர். 1769இல் உரிமை பெற்ற அவரது யந்திரத்தில், ஒன்றைவிட ஒன்று வேகமாகச் சுழலும் உருளை ஜோடிகள் பஞ்சுத் திரியைப் படிப்படியாக நீட்ட, கதிர்கள் அதற்கு முறுக்கேற்றின. நாட்டிங்ஹாமில் அதைக் குதிரைகளைக் கொண்டு ஓட்டிப் பார்த்த பின்பே, ஸ்ட்ரட், நீட் என்ற காலுறை வியாபாரிகள் இருவரின் முதலோடு நீரைத் தேடி வந்தார். அதுவரை இங்கிலாந்தில் நூற்ற பருத்தி நூல் பாவுக்குத் தாங்காது; ஆளி நார் நூலைப் பாவாக்கிப் பருத்தியை ஊடையாகக் கோத்தார்கள். நம் நாட்டுப் பெண்டிர் ராட்டையிலேயே இரண்டுக்கும் போதிய உறுதியோடு நூற்று வந்ததையும், நம் சீட்டித் துணிக்கு அஞ்சி 1721இல் இங்கிலாந்து ஒரு தடைச்சட்டமே இயற்றியதையும் இங்கே நினைத்துக்கொள்வது தகும். உருளை யந்திரத்தின் நூல் பாவுக்கு வலுவாக அமைந்தது. முழுப் பருத்தித் துணிக்கு 1774இல் ஆர்க்ரைட் பார்லிமெண்டில் அனுமதியும் வாங்கிக்கொண்டார்.

யந்திரத்தைவிட விசேஷமானது அதற்கு மனிதரைப் பழக்கிய முறை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாக, இரவு பகல் இரண்டிலும் ஆலை ஓடிற்று. பிள்ளைகள் பலரை உடைய குடும்பங்களாகப் பார்த்து அழைத்து வந்தார்கள். ஏழு வயதுக் குழந்தைக்கும் அங்கே வேலை இருந்தது. 1776 வாக்கில் கட்டப்பட்ட மூன்றடுக்கு வீடுகளில் தகப்பன் மேல்மாடியில் தறியோடு இருக்க, தாயும் மக்களும் ஆலைக்குப் போனார்கள். ஜோசஃப் ரைட் என்ற ஓவியர் இவ்வாலைகளை நிலவொளியில் தீட்டியிருக்கிறார்: எல்லா ஜன்னல்களிலும் விளக்கு. பார்ப்பதற்கு அழகுதான், ஜன்னலுக்கு உட்புறம் நின்றிருந்தவர்களுக்கு அவ்வழகு தெரிந்திருக்க நியாயமில்லை.

விருத்தி மளமளவென்று வந்தது. 1783இல் டெர்வென்ட் நதியின்மேலேயே மேசன் ஆலை எழுந்தது. சற்றுத் தெற்கே பெல்பரில் ஸ்ட்ரட் தனியே ஆலைகள் வைத்தார். அவரிடம் தொழில் பயின்ற சாமுவேல் ஸ்லேட்டர் 1789இல் கப்பலேறி அமெரிக்காவுக்கு இவ்வித்தையைக் கொண்டுபோனார். 1785இல் யந்திர உரிமை ரத்தாகியும் ஆர்க்ரைட்டின் செல்வம் குறையவில்லை. மறு ஆண்டே சர் பட்டம் பெற்று, 1792இல் காலமானார்.

ஆனால் நீரின் விவகாரம் அவரோடு முடியவில்லை. ஈயம் தேடி இன்னும் கீழே போக விரும்பிய சுரங்கக்காரர்கள், மேலும் தாழ்வான மட்டத்தில் மீர்புரூக் சஃப் என்ற வேறொரு வடிகாலை வெட்டிவந்தார்கள். பழைய வடிகாலின் நீர் புதியதை நாடி இறங்கலாயிற்று. ஆர்க்ரைட் குடும்பத்தார் நியாயஸ்தலம் ஏறினர். சுரங்கத்தை உலர்த்துவதற்காக மனிதர் வெட்டிய வாய்க்கால் என்றைக்கும் ஓடும் என்று எதிர்பார்க்க ஆலைக்காரருக்குப் பாத்தியதை இல்லை என்று 1839இல் தீர்ப்பாயிற்று. அந்த வெதுவெதுப்பான நீர், குரோம்ஃபோர்டின் சக்கரங்களைத் தொடாமல், கீழே வேறொரு வாயில் வழியாக டெர்வென்ட்டில் போய் விழலாயிற்று.