மார்கரெட் டேஹாஃப்: கணினிசார் உயிரியலில் தொகுப்புப் பணியும் ஆய்வு மதிப்பும்

முன்னுரை

பிறர் கண்டறிந்த தரவுகளைத் தேடித் தொகுப்பது ஆய்வாகுமா என்னும் வினா பல துறைகளிலும் எழுவதாகும். கணினிசார் உயிரியலின் முன்னோடிகளுள் ஒருவரான அமெரிக்க அறிவியலாளர் மார்கரெட் டேஹாஃபின் (1925–1983) பணிகள் அவ்வினாவுக்கு விடையளிக்கின்றன.

கல்வியும் தொடக்கப் பணியும்

பிலடெல்பியாவில் பிறந்த டேஹாஃப், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றார். 1948இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் குவாண்டம் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். வணிகக் கணக்குகளுக்குப் பயன்பட்ட துளையட்டை இயந்திரங்களைக் கொண்டு மூலக்கூறுகளின் ஆற்றலை அவ்வாய்வில் கணக்கிட்டார். 1960இல் தேசிய உயிர்மருத்துவ ஆய்வு அறக்கட்டளையில் இணைந்தார்.

அக்காலத்தில் ஒரு புரதத்தின் அமைப்பை அறிய, அதனைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் அமினோ அமில வரிசையையும் கண்டறிந்து, பின்னர் அத்துண்டுகளை முறையாகப் பொருத்த வேண்டியிருந்தது. இப்பொருத்தும் பணிக்குரிய 'காம்ப்ரோட்டீன்' என்னும் கணினி நிரலை இராபர்ட் லெட்லியுடன் இணைந்து 1962இல் வெளியிட்டார்.

தொகுப்பிலிருந்து கோட்பாடு

ஆய்விதழ்களில் சிதறிக் கிடந்த புரத வரிசைகளைத் திரட்டி, 1965இல் 'புரத வரிசை, அமைப்பு அட்லஸ்' என்னும் நூலைத் தம் குழுவினருடன் வெளியிட்டார். முதற்பதிப்பில் 65 புரதங்கள் இடம்பெற்றன. அமினோ அமிலங்களை மூன்றெழுத்துகளால் சுட்டும் வழக்கத்திற்கு மாற்றாக, கணினிக்கு ஏற்ற ஓரெழுத்துக் குறியீட்டையும் உருவாக்கினார்.

1978இல், நெருங்கிய உறவுடைய புரதங்களின் 71 தொகுதிகளில் 1,572 மாற்றங்களை இவருடைய குழு எண்ணியது. பரிணாமப் போக்கில் ஓர் அமினோ அமிலம் மற்றொன்றாக மாறுவதற்கான வாய்ப்பை அளவிடும் 'பேம்' அணிகள் இதிலிருந்து பிறந்தன. தொகுப்பு இல்லையேல் இவ்வெண்ணிக்கை இல்லை. எண்ணிக்கை இல்லையேல் கோட்பாடும் இல்லை.

உரிமைச் சிக்கல்

அட்லஸ் விலைக்கு விற்கப்பட்டது. அதன் தரவுகளை மறுபகிர்வு செய்வதற்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. ஆய்வாளர்கள் வெளியிட்ட வரிசைகள் தொகுத்தவருக்கு உரியனவா, அறிவியல் உலகிற்குப் பொதுவானவையா என்னும் கேள்வி இதனால் எழுந்தது. 1982இல் அமெரிக்க அரசின் மரபணு வரிசைத் தரவுத்தளத்திற்கான ஒப்பந்தம் டேஹாஃபின் குழுவுக்குக் கிட்டவில்லை. தடையற்ற பகிர்வை முன்வைத்த, லாஸ் அலமோஸ் ஆய்வகம் சார்ந்த குழுவுக்குச் சென்றது. அதுவே ஜென்பேங்க் ஆயிற்று. அடுத்த ஆண்டே டேஹாஃப் மறைந்தார்.

முடிவுரை

எதைச் சேர்ப்பது, எவ்வாறு வகைப்படுத்துவது, எதனோடு எதை ஒப்பிடுவது என முடிவுசெய்யும் தொகுப்பு, ஆய்வின் பகுதியே என்பதை டேஹாஃபின் பணி நிறுவுகிறது. தொகுத்த தரவு யாருக்கு உரியது என்பது வேறு வினா. முதல் வினாவில் அவர் வென்றார். இரண்டாவதில் காலம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது எனலாம்.