ஓய்வு இடைவேளை: விதியும் விலக்கும்

எந்தத் தொழிலாளியையும் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, அதற்குள் குறைந்தது அரை மணி நேர ஓய்வு தரப்பட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 55 கூறியது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் (1947) இதைவிடத் தாராளமானது. 4 மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர இடைவேளையை அது வலியுறுத்துகிறது.

ஆயினும் நாம் ஊன்றிப் படிக்க வேண்டியவை விலக்குகளே. அவசரப் பழுதுபார்ப்பு, இடைவிடாது இயங்கவேண்டிய உற்பத்தி ஆகியவற்றுக்குப் பிரிவு 64 விலக்களிக்க இடம் தந்தது. இவற்றின் தேவை விளங்குகிறது. விட்டுவிட்டு நடைபெறும் வேலைக்கும் அதே பிரிவு இடம் தந்ததுதான் சிக்கல். பணிக்கு நடுவே சும்மா இருக்கும் நேரம் ஓய்வு நேரத்தைவிட மிகுதி என்பது அதற்கான நியாயம். பணியிடத்தை விட்டு நகர முடியாமல் காத்திருப்பதை ஓய்வு என எங்களால் ஏற்க இயலவில்லை.

கடைகள் சட்டமோ பயணம் சார்ந்த பணியாளரையும் பராமரிப்புக் காவலரையும் உள்ளாட்சி அமைப்புகளின் நிறுவனங்களையும் விலக்கி வைக்கிறது. தலைமுறைகளாகச் சாதி திணித்த தொழிலைச் செய்யும் தெருத் தூய்மைப் பணியாளர் ஆலைத் தொழிலாளியும் அல்லர். உள்ளாட்சியின் நேரடிப் பணியாளராயின் கடைகள் சட்டத்திலும் அவருக்கு இடமில்லை. வீட்டுவேலை செய்யும் பெண்களையும் இவ்விரு சட்டங்களும் தீண்டவில்லை.

விலக்கு அதிகாரம் எவ்வளவு தூரம் நீளும் என்பதைக் கொரோனா காலம் காட்டியது. 2020 ஏப்ரலில் குஜராத் அரசு நாளொன்றுக்கு 12 மணி நேர வேலையையும், 6 மணி நேரத்துக்குப் பின்னரே அரை மணி ஓய்வையும் அனுமதித்தது. மிகைநேரத்துக்கு இரட்டை ஊதியமும் இல்லை என்றது. பெருந்தொற்றினால் வந்த பொருளாதார நெருக்கடி, நாட்டின் பாதுகாப்பை அச்சுறுத்தும் 'பொது அவசரநிலை' ஆகாது எனக் கூறி, உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று அதை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் நிறைவேறிய 65-ஏ திருத்தமும் ஓய்வு இடைவேளை உள்ளிட்ட பிரிவுகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்களிக்க வழிசெய்தது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது.

தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள 2020ஆம் ஆண்டின் பணிப்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, பிரிவு 25இல் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்ற வரம்பை வைத்திருக்கிறது. '5 மணி', 'அரை மணி' என்ற எண்கள் அப்பிரிவில் இல்லை. இடைவேளையை அரசு அறிவிக்கை மூலம் நிர்ணயிக்கும். சட்டமன்ற விவாதமின்றியே அறிவிக்கையை மாற்றிவிடலாம். ஆகவே மாநில அரசின் வரைவு விதிகள் அரசிதழில் வெளியாகும்போது, ஆட்சேபம் தெரிவிப்பதற்கான கெடுவுக்குள் இடைவேளைப் பகுதியையும் விலக்குப் பட்டியலையும் சங்கங்கள் முதலில் பார்க்க வேண்டும்.