நாடகமேடையிலிருந்து பேயுரு வரை: ஏ.பி. நாகராஜனும் 'காரைக்கால் அம்மையார்' திரைப்படமும்

ஏ.பி. நாகராஜனைப் (1928–1977) புராணப்பட இயக்குநர் என்னும் அடைமொழியோடு நிறுத்திக்கொள்வது தமிழ்த் திரை வரலாற்றெழுத்தின் வழக்கமாகிவிட்டது. திராவிட இயக்கப் படங்களுக்கு எதிர்வினையாக எழுந்தவையே அவருடைய பக்திப்படங்கள் என்ற கருத்தும் பலராலும் கூறப்பட்டுள்ளது. அக்கருத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அது அவர் தேர்ந்த பொருளை விளக்குகிறதேயன்றி, அவர் கையாண்ட வடிவத்தை விளக்கவில்லை. அவ்வடிவம் அவர் நடிகராக வளர்ந்த 'பாய்ஸ் கம்பெனி' மேடையில் உருவானது. அதன் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவது, 1973-இல் வெளிவந்த 'காரைக்கால் அம்மையார்' ஆகும்.

சேலம் மாவட்டத்துச் சங்ககிரியை அடுத்த அக்கம்மாபேட்டையில் பிறந்த நாகராஜன், சிறுவயதிலேயே டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து, பெண்வேடம் புனையும் 'ஸ்திரீபார்ட்' நடிகராகப் பயின்றார். அச்சகோதரருள் ஒருவரான டி.கே. சண்முகம், அவ்வை வேடத்தால் 'அவ்வை சண்முகம்' என்றே அழைக்கப்பட்டவர். பால், வயது, தெய்வத்தன்மை ஆகிய அனைத்தும் ஒப்பனையாலும் குரலாலும் அணிந்துகொள்ளத்தக்கவை என்பது அம்மேடையின் அடிப்படைப் பாடம். பின்னர்ச் சக்தி நாடக சபாவிலும் நாகராஜன் பணியாற்றினார். 1953-இல் வெளியான 'நால்வர்' படத்திற்குக் கதை வசனம் எழுதி, அதில் நாயகனாகவும் நடித்தார்.

நடிப்பில் அவர் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 'டவுன் பஸ்' (1955), 'சம்பூர்ண ராமாயணம்' (1958) முதலிய படங்களுக்கு எழுத்தாளராக இருந்து, தம்மைப்போலவே நாடகத்திலிருந்து வந்த வி.கே. ராமசாமியுடன் இணைந்து தயாரிப்பிலும் இறங்கினார். 'வடிவுக்கு வளைகாப்பு' (1962) அவர் இயக்கிய முதற்படம். பின்னர் ஸ்ரீ விஜயலட்சுமி பிக்சர்ஸ் என்ற தம் நிறுவனத்தின்வழி 'நவராத்திரி' (1964), 'திருவிளையாடல்' (1965), 'சரஸ்வதி சபதம்' (1966), 'தில்லானா மோகனாம்பாள்' (1968) ஆகியவற்றை அளித்தார்.

இவற்றுள் 'நவராத்திரி' கூர்ந்து நோக்கத்தக்கது. ஒரே நடிகர் ஒன்பது வேடங்களில் தோன்றுவதே அப்படத்தின் கட்டுமானம். கதை அவ்வேடங்களைக் கோக்கும் நூலாக மட்டும் நிற்கிறது. 'திருவிளையாடல்' படமும் தனித்தனி ஆடல்களின் தொகுப்பே. அதிலுள்ள நக்கீரர் வாதம், 1956-இல் அவர் எழுதிய 'நான் பெற்ற செல்வம்' படத்தில் நாடகக் காட்சியாக முன்பே இடம்பெற்றிருந்தது. 1965-இல் நக்கீரர் வேடத்தை அவரே ஏற்றார். இறைவனாகவே இருப்பினும் குற்றம் குற்றமே என்று வாதிடும் புலவரைத் தமக்கென எடுத்துக்கொண்டதில், வசனகர்த்தாவின் தன்மதிப்பும் சிறிது கலந்திருக்கலாம்.

1969-இல் 'வா ராஜா வா' தொடங்கி அவர் சிறு முதலீட்டுப் படங்களை நோக்கித் திரும்பினார். குன்னக்குடி வைத்தியநாதன் இசையமைப்பாளரானதும் அப்படத்தில்தான். இக்கட்டத்தின் விளைவே 'காரைக்கால் அம்மையார்'. 1943-இலேயே இதே பெயரில் ஒரு படம் வந்திருந்தது. சேக்கிழார் பாடிய வரலாறு திரைக்கு இயல்பாகவே இணங்குவது. துறைமுக வணிகர் குடி, கணவன் அனுப்பிய இரு மாங்கனிகள், அடியாருக்கு ஒன்றை இட்டபின் இறையருளால் வந்த கனி, கணவன் கைப்பட்டதும் அது மறைதல், அவன் அஞ்சிக் கடல்கடந்து பாண்டிநாட்டில் மறுமணம் புரிதல் எனச் செல்கிறது கதை. காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நிகழும் மாங்கனித் திருவிழா, திருக்கல்யாணம், பிச்சாண்டவர் வீதியுலா, மாங்கனி இறைத்தல் என்று இதே கதையை வீதியில் நிகழ்த்திக் காட்டுகிறது. நாகராஜனின் காட்சித்தொகுப்பு முறைக்கும் இவ்விழாவின் அமைப்புக்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை. இரண்டும் முன்னரே கதையறிந்த பார்வையாளரை நம்பி நிற்பவை.

இடர்ப்பாடு பேயுருவில் எழுகிறது. கணவனுக்காகத் தாங்கிய தசைப்பொதியைக் கழித்து, பேய்வடிவம் வேண்டிப் பெறுவதே புராணத்தின் உச்சம். அம்மையார் தாமே பாடிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம் வற்றிய மார்பும் குழிந்த வயிறும் நீண்ட பற்களும் கொண்ட சுடுகாட்டுப் பெண்பேயை ஒளிவின்றிக் காட்டுகிறது. சோழர்காலச் செப்புத்திருமேனிகளும் என்பெழுந்த உடலையே வடித்தன. இவ்வுருவை நட்சத்திர நடிகை ஒருவர் முழுமையாக ஏற்பது வணிகத் திரைப்படத்தில் எளிதன்று.

நாகராஜன் கண்ட தீர்வு நாடகக்காரருடையது. வேடத்தை இரண்டாகப் பகுத்து, இளம் புனிதவதியாக லட்சுமியையும், துறவுக்குப் பிந்தைய அம்மையாராகக் கே.பி. சுந்தராம்பாளையும் அமர்த்தினார். பரமதத்தனாக ஆர். முத்துராமன் நடித்தார். சுந்தராம்பாளின் வாழ்க்கை இவ்வேடத்திற்குத் தனிப்பொருள் தந்தது. 1933-இல் எஸ்.ஜி. கிட்டப்பா மறைந்தபின் வெள்ளாடை பூண்டு, ஆடவருடன் இணைந்து நடிப்பதில்லை என உறுதிகொண்டவர் அவர். 1935-இல் நந்தனாராக ஆண்வேடமே ஏற்றவர். இல்லறத்தின் இழப்புக்குப்பின் பாட்டே வாழ்வாகக் கொண்ட ஒருவர் அம்மையாராகத் தோன்றியபோது, பார்வையாளர் அவ்விருவரையும் வேறுபிரித்துக் கண்டிருத்தல் அரிது.

ஆனால் அதே நடிகை 1953 முதல் தமிழர் நினைவில் அவ்வையாராகவும் நிலைத்தவர். ஆகவே திரையில் அச்சுறுத்தும் பேய்க்குப் பதில் வணக்கத்துக்குரிய மூதாட்டி அமர்கிறாள். பெண்ணுடலைத் துறக்கும் கடுமை, முதுமையின் கனிவாக மாறிவிடுகிறது. இதனைப் படத்தின் குறை என்றே கொள்ளவேண்டும்; பதிகத்தின் துணிவு அதில் இல்லை. எனினும் சிவகுமாரும் ஸ்ரீவித்யாவும் சிவசக்தியராய் ஆடச் சுந்தராம்பாள் பாடும் தாண்டவக் காட்சியில், இறைவன் ஆடலுக்குத் தம் பாட்டோடு உடனிருத்தல் என்னும் ஆலங்காட்டு நிலை மீண்டும் கைகூடுகிறது. உடலால் காட்ட இயலாததைக் குரல் ஏற்றுக்கொள்கிறது. பாட்டையே முதன்மையாகக் கொண்ட பழைய மேடையின் பயிற்சி இங்குத் துணைநின்றது.

அதே ஆண்டில் அவர் இயக்கிய 'ராஜராஜ சோழன்', தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அதன் மூலம் அரு. ராமநாதன் எழுதி டி.கே.எஸ். குழு மேடையேற்றிய நாடகம். அடுத்த ஆண்டு வந்த 'குமாஸ்தாவின் மக'ளும் அக்குழுவின் 'குமாஸ்தாவின் பெண்' நாடகத்திலிருந்து பிறந்ததே. இறுதிப்படமான 'நவரத்தினம்' எம்.ஜி.ஆரை நாயகனாகக் கொண்டு, மீண்டும் ஒன்பது என்னும் எண்ணையே சட்டகமாக்கி 1977-இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 5 அன்று நாகராஜன் காலமானார்.